மஹியங்கனைக்கு மேலே பெரியப்பாவுக்கு நெஞ்சு நோ

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 27. கிழமை நாட்களில் வங்கி வேலை, சனி ஞாயிறுகளில் இரத்மலானையில் பறப்பு. தனியார் விமானி அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. ஆடி அமாவாசை அன்று விடியற்காலையில் தன் பெரியப்பாவையும், தான் அக்கா என்று கூப்பிடும் பெரியப்பாவின் மகளையும் செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஒன்றில் மட்டக்களப்புக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பெரியப்பாவுக்கு 63 வயது. மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தில் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைச் செய்து, விரதம் முடித்து, மத்தியானம் உறவினர் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டு, மூன்று மணிக்குத் திரும்பப் புறப்பட்டார்கள்.

மஹியங்கனை இடப்பக்கம் தெரியத் தொடங்கிய நேரம், 8,500 அடியில், முன் சீட்டில் இருந்த பெரியப்பா நெஞ்சை அடைக்கிறது என்றார். வேர்த்துக் கொட்டியது. இடது கை விறைக்கிறது என்றார். கச்சான் காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்ததால் பயத்தில் வந்ததாக்கும், இல்லாவிட்டால் சாப்பாட்டு வாயு என்று நினைத்து அக்கா பின் சீட்டில் இருந்து இஞ்சி மிட்டாய் கொடுத்திருக்கிறார். பத்து நிமிடம் அப்படிப் போனது. குறையவில்லை. கொழும்பில்தான் பெரிய வைத்தியசாலைகள் இருக்கின்றன என்று தம்பி மேற்கே தொடர்ந்து பறந்தார். மலையின் மறுபக்கம் முகில். ஓட்டை பார்த்துப் பார்த்து வளைந்து வந்து, முதல் நோ தொடங்கி 55 நிமிடத்தில் இரத்மலானையில் இறங்கினார். விசாரணை வரும், லைசன்ஸ் போகும் என்ற பயத்தில் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் ரேடியோவில் ‘பயணி ஒருவருக்குச் சுகமில்லை’ என்றார். இறங்கிய பிறகு அழைத்த அம்புலன்ஸ் வர இன்னும் 20 நிமிடம். மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். பெரியப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் இதயம் அடிக்கும் பலம் குறைந்திருக்கிறது என்று எக்கோ என்ற இதய ஸ்கானில் சொல்லியிருக்கிறார்கள்.

காலையில் விரதம் என்று அவர் குளிசைகளைப் போடவில்லை என்பதும், இரண்டு மாதமாகப் படி ஏறும்போது நெஞ்சு இறுகியதைப் பெரியம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. “கொன்ட்ரோலை விட்டுவிட்டு அப்பாவின் நெஞ்சை அமத்தியிருக்கலாமே, பேசாமல் ஓட்டிக்கொண்டே இருந்தாயே” என்று அக்கா கேட்டது தம்பியின் காதை விட்டுப் போகவில்லை. நித்திரை இல்லை. நான் பிழை விட்டேனா, வேறு என்ன செய்திருக்கலாம், இனிப் பறக்கலாமா என்று கேட்கிறார். பெரியப்பா கேட்ட ஒரு கேள்வியையும் கடைசியில் எழுதியிருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள தம்பி,

அக்காவின் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், உங்களை ஆகக் கூடுதலாக வருத்துவது அதுதான் என்று படுகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் வைத்தியராகச் சொல்கிறேன்: பெரியப்பாவின் நெஞ்சை நீங்கள் அமத்தியிருக்கக் கூடாது. நெஞ்சை அமத்துவது நினைவிழந்து, ஒழுங்கான மூச்சும் இல்லாமல் கிடக்கும் ஒருவருக்குச் செய்வது. உங்கள் பெரியப்பா வழி முழுக்கக் கதைத்தார், தண்ணீர் கேட்டார், இரத்மலானையில் தன் காலால் இறங்கப் பார்த்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய இதயம் அடித்துக்கொண்டிருந்தது. நோவில் துடிக்கும் இதயத்தின் மேல் அமத்துவதால் ஒரு நன்மையும் இல்லை.

அவருடைய இதயம் நின்றே போயிருந்தாலும் என் பதில் மாறாது. நெஞ்சை அமத்துவதென்றால் உறுதியான தட்டையான பரப்பு வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், இரண்டு கையும் உடம்பின் முழுப் பாரமும். தோளோடு தோள் முட்டும் செஸ்னாவின் முன் சீட்டில், தனியாக விமானம் ஓட்டும் ஒருவரால் அது முடியாது. முயன்றால் மூன்று பேரும் மலையில் மோதியிருப்பீர்கள். அந்த நேரத்தில் பெரியப்பாவுக்கு நீங்கள் தரக்கூடிய ஒரே வைத்தியம் அவரைச் சிகிச்சை கிடைக்கும் இடத்தில் பத்திரமாக இறக்குவது. அதைச் செய்தீர்கள். அக்கா பயத்திலும் பாசத்திலும் கேட்டார். இந்தப் பந்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. மாரடைப்பு விமானத்தால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதயக் குழாயில் வருடக் கணக்காகப் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் அடைபட்டால்தான் பெரும்பாலும் இப்படி வரும். படியேறும்போது இரண்டு மாதமாக வந்த இறுக்கம் அதன் முன்னறிவித்தல். விரதத்துக் களைப்பு, வெயில், விட்ட குளிசை, வயிறு முட்டிய சாப்பாடு எல்லாம் அன்று சேர்ந்துகொண்டன. உயரமும் ஓரளவு சேர்ந்தது. அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் அந்தத் திட்டை நீங்கள் உருவாக்கவில்லை.

மேற்கா, கிழக்கா

இனி உங்கள் காதுக்கு இனிக்காத பகுதி. அன்று திரும்பியிருக்க வேண்டும். இதை மறைத்து ஆறுதல் சொன்னால் அடுத்த முறை உங்களுக்குப் பிரயோசனம் இருக்காது.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மஹியங்கனையில் இருந்து மட்டக்களப்பு ஓடுபாதை ஏறத்தாழ 45 கடல் மைல். இரத்மலானை 70க்கு மேல். ஆடி மாதத்தில் தென்மேற்குக் காற்று. மேற்கே வந்தால் எதிர்க்காற்று, கிழக்கே போனால் அதே காற்று பின்னால் இருந்து தள்ளும். நீங்கள் எழுதிய வேகத்தை வைத்துப் பார்த்தால் 20 நிமிடம் சொச்சத்தில் மட்டக்களப்பில் இறங்கியிருக்கலாம். அம்பாறைப் பக்கம் உகனையில் விமானப்படை ஓடுபாதை இன்னும் கொஞ்சம் கிட்ட. அதோடு கிழக்கு வானம் வெளித்திருந்தது, மேற்குச் சரிவில் முகில் இருந்தது. கண்பார்வையை நம்பிப் பறக்கும் விமானி, பக்கத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, மலைக்கு மேலே முகிலுக்குள் ஓட்டை தேடுவது மூன்று உயிர்களைப் பணயம் வைக்கிற காரியம். பெரியப்பாவுக்கு வந்த ஆபத்தைவிட எனக்கு இதுதான் கூடப் பயமாக இருந்தது.

உயரத்தின் கதையும் இருக்கிறது. 8,500 அடியில் மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 73 வீதம். உங்களுக்கும் எனக்கும் அது பெரிதாகத் தெரியாது. குழாய் அடைபட்டு ஒட்சிசனுக்கு ஏங்கும் இதயத் தசைக்கு அது பெரிய விஷயம். மேற்கே போகும்வரை உங்களால் இறங்கவே முடியாது, கீழே மலை. கிழக்கே திரும்பியிருந்தால் மகா ஓயாப் பக்கம்வரை விரியும் சமவெளிக்கு மேலே சில நிமிடத்தில் 2,500 அடிக்கு இறங்கியிருக்கலாம். நேரம், உயரம், வானிலை மூன்றும் ஒரே திசையைக் காட்டின. பதற்றத்தில் இருந்த மூளைக்கு ‘கொழும்பு, பெரிய ஆஸ்பத்திரி, வீடு’ என்ற ஒன்று மட்டும்தான் தெரிந்தது. வீட்டை நோக்கி இழுபடும் இந்த இழுவை அனுபவம் முதிர்ந்த விமானிகளுக்கும் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை அடையாளம் காணப் பழக வேண்டும்.

பெரிய வைத்தியசாலை பற்றிய எண்ணத்தையும் திருத்த வேண்டும். மாரடைப்பில் முதலில் வேண்டியது ஓர் ஈ.சி.ஜி., அஸ்பிரின், இதயம் தாளம் தப்பினால் மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி, உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி. இவை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் கிடைக்கும். விமான நிலையத்தில் இருந்து அது கிட்டத்தான். ஸ்டென்ட் வைப்பது நல்ல சிகிச்சை, ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்குள் அது நடக்க வழியில்லை என்றால் ஊசியைப் போட்டுவிட்டுப் பிறகு மாற்றி அனுப்புவதுதான் எங்கள் முறை. கண்டி வைத்தியசாலை உங்களுக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே இருந்தது, ஆனால் அங்கே ஓடுபாதை இல்லை. ஆகவே நீங்கள் தேட வேண்டியது ஆகப் பெரிய வைத்தியசாலையையும் இல்லை, ஆகக் கிட்டிய ஓடுபாதையையும் இல்லை. பத்திரமாக இறங்கக்கூடிய, அம்புலன்ஸ் வந்து காத்திருக்கக்கூடிய, பக்கத்தில் ஈ.சி.ஜி. உள்ள வைத்தியசாலை இருக்கிற இடம். பறப்புக்கு முன்பே வழியில் இரண்டு மூன்று இடங்களை இந்தக் கண்ணோடு பார்த்து வரைபடத்தில் குறித்துவைத்தால், அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியிருக்காது.

வாய் திறக்காத 50 நிமிடம்

உங்கள் கணக்கில் நீங்கள் திசையைத்தான் பெரிய பிழையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ரேடியோ மௌனம்தான் பெரிதாகத் தெரிகிறது. மேற்கே வந்ததால் அரை மணித்தியாலம் போனது. அதற்கு மேலே, தரையில் அம்புலன்ஸுக்காகக் காத்திருந்த 20 நிமிடம் முழுக்க முழுக்கத் தவிர்த்திருக்கக் கூடியது. மலையைக் கடக்க முன் ஒரு வசனம் சொல்லியிருந்தால், ஓடுபாதையை விட்டு வெளியே வரும்போதே வண்டி நின்றிருக்கும்.

சொல்லாததற்குக் காரணம் பயம். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். விமானிகளின் உடற்தகுதிப் பரிசோதனைக்கு வருபவர்களிடம் நானும் இதைக் கேட்டிருக்கிறேன்: “அவசரம் என்று சொன்னால் விசாரிப்பார்கள், எழுதித் தரச் சொல்வார்கள், லைசன்ஸில் கை வைப்பார்கள்.” சட்டம் அப்படி இல்லை. சர்வதேசச் சிவில் விமானப் பறப்பு விதிகளிலேயே, பாதுகாப்புக்கு முற்றிலும் அவசியம் என்றால் விமானத்தின் பொறுப்பு விமானி விதியை மீறலாம் என்று இருக்கிறது. விமானத்தைப் பற்றிய இறுதி முடிவும் அவருடையது. நடந்ததை எழுதிக் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். உண்மையை எழுதிக் கொடுங்கள். அது தண்டனை அல்ல. விமானப்படை ஓடுபாதையில் அனுமதி இல்லாமல் எப்படி இறங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். அவசரத்தை அறிவித்துவிட்டு இறங்குகிறேன் என்று சொல்லுங்கள். அங்கே ஆளைத் தயார்படுத்துவது கட்டுப்பாட்டாளரின் வேலை.

என்ன சொல்வது? விமானத்தில் இருக்கும் ஒருவரின் உயிருக்காக உதவி வேண்டும் என்றால் அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: பான் பான். மூன்று தரம் சொல்ல வேண்டும். நினைவு போய்விட்டது, மூச்சு இல்லை என்றால் அதைவிடப் பெரிய அவசர அழைப்பு, மேடே. எது சரி என்று குழம்பினால் மேடே என்றே சொல்லுங்கள், ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். ‘சுகமில்லை’ என்ற சொல்லுக்கு ரேடியோவில் ஒரு பாரமும் இல்லை. வாந்தி எடுப்பவருக்கும் அதே சொல்தான். பிறகு உங்கள் அழைப்புப் பெயர், இடம், உயரம், எத்தனை பேர், வருத்தம் என்ன (63 வயது ஆண், நெஞ்சு நோ, வேர்வை, நினைவு இருக்கிறது), எங்கே இறங்கப் போகிறீர்கள், எத்தனை நிமிடம், அம்புலன்ஸ் வேண்டும். அவ்வளவுதான். கட்டுப்பாட்டாளர் 1990க்கு அழைப்பார். சுவசெரிய அம்புலன்ஸ் நாடு முழுக்க இலவசமாக ஓடுகிறது.

ஏற்கெனவே கதைத்துக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே சொல்லுங்கள். பதில் இல்லாவிட்டால் அவசர அலைவரிசை 121.5. ராடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பொண்டரில் அவசரக் குறியீடு 7700. இதில் நம் மலைநாட்டுக்கு உரிய ஒரு விஷயம் இருக்கிறது: விமான ரேடியோ நேர்கோட்டில்தான் போகும். 8,500 அடியில் உங்கள் குரல் தூரத்துக்குக் கேட்கும், மலைக்குக் கிழக்கே தாழ்ந்துவிட்டால் கொழும்புக்குக் கேட்காமல் போகலாம். ஆகவே திரும்புங்கள், சொல்லுங்கள், அப்புறம் இறங்குங்கள். கேட்காமல் போனாலும் மேலே போகும் பெரிய விமானங்கள் 121.5ஐக் கேட்டுக்கொண்டே போகும். அவர்கள் செய்தியைக் கடத்துவார்கள்.

விமானத்துக்குள் என்ன செய்யலாம்

முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது பெரியப்பாவை அல்ல, விமானத்தை. செட்டை நேராக இருக்கிறதா, உயரம் சரியா, முன்னே மலையா. அது நிலையான பிறகு அவர் பக்கம் திரும்புங்கள். பார்க்கும் நேரமும் சில விநாடிதான், திரும்ப வெளியே பார்க்க வேண்டும்.

அடுத்தது, முன் சீட்டில் இருப்பவர் மயங்கினால் கொன்ட்ரோலின் மேலேயே சரிவார். மருத்துவ அவசரம் விமான விபத்தாக மாறுவது இந்த இடத்தில்தான். அவர் சுகமில்லை என்ற உடனேயே தோள் பட்டியை இறுக்கி, சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டி, சாய்த்துவிட வேண்டும். கால்களைப் பெடலில் இருந்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பின்னால் இருக்கும் அக்காவின் வேலை, அவர் தோளை இரண்டு கையாலும் பின்னுக்குப் பிடித்துவைப்பது. நினைவு போனால் நாடியைத் தூக்கித் தலையைப் பின்னே சாய்த்து மூச்சு வழியைத் திறந்து வைக்கலாம். பின் சீட்டில் இருந்து செய்யக்கூடியது அதுதான், அதுவே பெரிய உதவி. அக்காவுக்கு அன்று ஒருவரும் ஒரு வேலையும் கொடுக்கவில்லை. சும்மா இருந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான் இப்போது உங்கள்மேல் கோபம் வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நெஞ்சு நோவுக்கு அஸ்பிரின் 300 மில்லிகிராம், விழுங்காமல் மென்று தின்ன வேண்டும். 75 மில்லிகிராம் குளிசை என்றால் நான்கு. அஸ்பிரின் ஒவ்வாதவருக்கும், இரத்தம் போகும் வருத்தம் உள்ளவருக்கும் வேண்டாம். முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், அதற்கும் அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. டெங்கு சுற்றும் ஊரில் காய்ச்சலுக்கும் அதைத் தொடக் கூடாது. இந்த நாலு விலக்கையும் ஒரு சின்னக் கடதாசியில் எழுதிக் குளிசையோடு சேர்த்துப் பறப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சி மிட்டாய் கெடுதல் செய்யவில்லை, ஆனால் பத்து நிமிடத்தைத் தின்றுவிட்டது. 40 வயதுக்கு மேற்பட்டவருக்கு வேர்வையோடு நெஞ்சை அடைத்தால் அதை வாயு என்று எடுக்காதீர்கள். வாயு என்று பிறகு ஈ.சி.ஜி. சொல்லட்டும். எங்கள் சனத்தில் ‘காஸ்’ என்று சோடா குடித்துவிட்டுப் படுத்து, விடியும் முன் கொண்டுவரப்பட்ட எத்தனையோ பேரை நான் பார்த்துவிட்டேன்.

மற்ற வருத்தங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீனி வருத்தக்காரர் நடுங்கி, வேர்த்து, உளறினால் இனிப்பு. நினைவில்லாவிட்டால் வாயில் ஒன்றும் வைக்க வேண்டாம். வலிப்பு வந்தால் பட்டியைக் கழற்றாமல் கொன்ட்ரோலில் இருந்து விலக்கிப் பிடித்தால் போதும், வாய்க்குள் எதையும் திணிக்கக் கூடாது. பயத்தில் மூச்சு வாங்குபவரோடு மெதுவாகக் கதையுங்கள். ஒருவருக்குத் தலையிடி, ஓங்காளம், தூக்கம் என்று வந்து உங்களுக்கும் அதே போல இருந்தால் அது இயந்திரப் புகையில் வரும் காபன் மொனொக்சைட்டாக இருக்கலாம். ஹீற்றரை மூடி, காற்றுத் துவாரங்களைத் திறந்து, உடனே இறங்குங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி அந்த நேரத்தில் நல்ல எண்ணையே காட்டி ஏமாற்றும்.

இறங்கும்போது அவசரம் வேண்டாம். இறங்குமுன் சரிபார்க்கும் பட்டியலை வாய்விட்டு வாசியுங்கள், வழமையான வேகத்தில் வாருங்கள். ஒரு நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் ஓடுபாதையைத் தாண்டி ஓடினால் அம்புலன்ஸ் மூன்று பேருக்கும் தேவைப்படும். நின்றவுடன் முதலில் என்ஜினை நிறுத்துங்கள். ஸ்ட்ரெச்சரோடு ஓடிவருபவர்களின் கண் நோயாளியின் மேல்தான் இருக்கும், சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. அன்று நீங்கள் என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் கதவைத் திறந்தீர்கள் என்று எழுதியிருந்தது. அதை வாசித்தபோது நிம்மதியாக இருந்தது.

ஏற்றுவதற்கு முன்

பெரியவர்களிடம் “உங்களுக்கு என்ன வருத்தம்” என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியப்பாவாக இருக்கும்போது கேட்க வேண்டாம், பயணியாக ஏறும்போது கேளுங்கள். “பெரியப்பா, விமானத்தில் ஏற்ற முன் எல்லாரிடமும் கேட்க வேண்டும், இது எங்கள் ஒழுங்கு” என்று சொன்னால் ஒருவரும் மனம் நோகமாட்டார்கள். இரண்டு மாடிப் படி ஏறினால் நெஞ்சோ மூச்சோ இறுகுகிறதா? இன்று காலை என்ன குளிசை போட்டீர்கள்? அண்மையில் சத்திரசிகிச்சை ஏதும்? முதல் கேள்வி ஒன்றே அன்று போதுமாக இருந்திருக்கும். விரதக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: குளிசையும் அதை விழுங்கும் ஒரு மிடறு தண்ணீரும் விரதத்தை முறிக்காது என்று ஐயரே சொல்வார், கேட்டுப் பாருங்கள். சீனி வருத்தக்காரர் மட்டும் விரத நாளில் எந்தக் குளிசையை எப்படிப் போடுவது என்று முன்கூட்டியே தன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மட்டக்களப்புக் கடலில் 1942இல் மூழ்கிய ஹேர்ம்ஸ் கப்பலைப் பார்க்கச் சுழியோடப் போகும் நண்பர்கள் உங்களுக்கும் இருக்கலாம். அந்த ஆழத்துக்குப் போய் வந்தவரை குறைந்தது 24 மணித்தியாலம் கழியாமல் மலைக்கு மேலே ஏற்றாதீர்கள். இரத்தத்தில் கரைந்திருக்கும் நைதரசன் உயரத்தில் குமிழாகும்.

இனி நீங்கள்

அந்த அரை மணித்தியாலம் பெரியப்பாவின் இதயத்தைக் கொஞ்சம் பாதித்திருக்கக் கூடும். இல்லை என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: மாரடைப்பு வந்த முதல் வாரத்து எக்கோ முடிவான கணக்கு அல்ல. அடி பட்டு மரத்துப்போன தசையில் ஒரு பகுதி சில கிழமைகளில் திரும்ப வேலை செய்யத் தொடங்கும். ஆறு கிழமையில் இருந்து மூன்று மாதத்துக்குள் திரும்ப எக்கோ எடுப்பார்கள். அதுவரை குளிசைகளை ஒரு நாளும் விடாமல் போடுகிறாரா என்று பார்ப்பது நீங்கள் இப்போது செய்யக்கூடிய உதவி. ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசையைத் தானாக நிறுத்தினால் குழாய் திரும்ப அடைக்கும்.

பறப்பதை விடச் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது, நாலு மணித்தியாலம் தூங்கி, கண்ணை மூடினால் மஹியங்கனை தெரியும் நிலையில், பறக்க வேண்டாம். உடலோ மனமோ தகுதி குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் விமானி தானாகவே விலகி இருக்க வேண்டும் என்பது விதி. அது அனுமதிப்பத்திரத்தை இழப்பது அல்ல, சுகமாகும்வரை தள்ளி வைப்பது. ஒரு மாதம் தாண்டியும் நித்திரையும் நினைப்பும் இப்படியே இருந்தால் ஒரு மனநல வைத்தியரைப் பாருங்கள். இரவில் தாங்க முடியாமல் இருந்தால் 1926க்கு அழைக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். அடுத்த உடற்தகுதிப் பரிசோதனையில் இதை மறைக்க வேண்டாம். வைத்தியரைப் பார்த்துச் சுகமான விமானியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, பார்க்காமல் மறைத்தவரைப் பற்றித்தான் கவலை.

திரும்பத் தொடங்கும்போது முதல் பறப்புகளைப் பயிற்சியாளரோடு செய்யுங்கள். வழியில் திடீரென்று “உன் பயணிக்கு நெஞ்சு நோ” என்று சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் திரும்புவீர்கள், யாருக்கு என்ன சொல்வீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இரண்டு மூன்று தரம் செய்தால் கை தானாகப் போகும்.

கடைசியாகப் பெரியப்பாவின் கேள்வி. கட்டிலில் படுத்துக்கொண்டு “வாற ஆடி அமாவாசைக்கும் கூட்டிக்கொண்டு போவாய் தானே” என்று கேட்டாராம். நீங்கள் பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டீர்களாம். போய்ப் பதில் சொல்லுங்கள். இரண்டாவது எக்கோவைப் பார்த்து அவருடைய இதய வைத்தியர் சம்மதித்தால், கரையோரமாக, காலி, அம்பாந்தோட்டை, பொத்துவில் என்று மலையைக் கடக்காமல் தாழ்வாகப் போகலாம். தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனால் வழியில் கொக்கலையும் மத்தளையும் இருக்கின்றன. சம்மதிக்காவிட்டால் கோட்டையில் இருந்து மட்டக்களப்பு ரயில் இருக்கிறது. நீங்கள் பக்கத்து சீட்டில் இருந்து போங்கள், அக்காவையும் கூட்டிக்கொண்டு.